காதுக்கு நாற்பத்தாறு, கைக்கு இரண்டு மாதம்

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு வயலின் வாங்கினேன். கச்சேரி செய்யும் ஆசை எல்லாம் கிடையாது. அயர்லாந்து பிடில் இசையை, அந்த நடன மெட்டுகளை, பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். அதில் ஒன்றையாவது நானே வாசித்துவிட வேண்டும். காணொளிகளைப் பார்த்துப் பழகுகிறேன், ஆனால் வருகிற சத்தம் நாராசம். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். கணவர், "வீடே எரிந்தாலும் நீ பிடில்தான் வாசித்துக்கொண்டிருப்பாய்" என்கிறார். ஓர் ஆசிரியரிடம் போனேன். எட்டு வயதில் வந்திருக்க வேண்டும், இனி விரல் வளையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். விரல் வைக்கும் இடம் தெரிய ஸ்டிக்கர் ஒட்டலாமா? இடது கட்டைவிரல் வலிக்கிறதே, ஏன்? தினமும் எத்தனை நேரம் பழக வேண்டும்? மழுப்பாமல் சொல்லுங்கள்: விற்றுவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாயிற்று, மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல். நீரோ பிடில் வாசித்திருக்கவே முடியாது. ரோம் எரிந்தது கி.பி. 64இல். வில்லை இழுத்து வாசிக்கும் வழக்கம் ஐரோப்பாவுக்கு வந்துசேர்ந்ததே அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் வயலின் உருவானது 16ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். ஆகவே நீரோவின் மேல் என்ன பழி வேண்டுமானாலும் போடலாம், இதை மட்டும் போட முடியாது.

பிடிலும் வயலினும் வேறு வேறு கருவிகளா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பிடில் வேண்டும், வயலின் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மரம் ஒன்று, தந்திகள் அதே நான்கு. வாசிக்கிற பாட்டு மாறும்போது பெயர் மாறுகிறது, அவ்வளவுதான். நம் பெரியவர்கள் கச்சேரி வயலினையே பிடில் என்றுதான் சொன்னார்கள். நாட்டுப்புற மெட்டு வாசிப்பவர்களில் சிலர், இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று குதிரையின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) மேல்விளிம்பைக் கொஞ்சம் தட்டையாகச் சீவிக்கொள்வார்கள். உங்களுக்கு இப்போது அதுவும் தேவையில்லை.

அந்த ஆசிரியர் சொன்னதில் பாதி உண்மை. எட்டு வயதில் வந்திருந்தால் நல்லதுதான். எந்த வித்தைக்குத்தான் நல்லதில்லை? பெரிய மேடைகளில் தனிக் கச்சேரி செய்பவராக நீங்கள் ஆகப்போவதில்லை. நீங்களும் அதைக் கேட்கவில்லை. ஆனால் விரல் வளையாது என்பது சரியில்லை. சட்டைப் பொத்தான் போடுகிற விரல், கீபோர்டில் தட்டுகிற விரல், வயலின் கழுத்தின் முதல் நிலையில், அதாவது கையைக் கழுத்தின் தலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வாசிக்கப் போதும். அயர்லாந்து நடன மெட்டுகளில் பெரும்பாலானவை அந்த முதல் நிலையைத் தாண்டுவதே இல்லை. நடுவயதில் நிஜமாகவே இறுகியிருப்பது விரலைவிட முன்கையும் தோளும்தான். இடது உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி முன்கையைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றாட வேலைகளில் நாம் அவ்வளவு நேரம் அப்படித் திருப்பி வைத்திருப்பதில்லை. எடுத்தவுடன் வாசிக்காமல் இரண்டு நிமிடம் தோள்களைச் சுழற்றிவிட்டு, இடது முழங்கையை வயலினுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

வயதால் வருகிற நிஜமான சிக்கல் வேறு. வயதுவந்தவர்களுக்குப் பல வருடங்களாகக் கற்றுத் தருகிறேன். கிட்டத்தட்ட எல்லோரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காதுக்கு 46 வயது. நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று அதற்கு அத்துபடி. உங்கள் கைக்கு இந்தத் தொழிலில் வயது இரண்டு மாதம். எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த இடைவெளி கிடையாது: காதும் சின்னது, கையும் சின்னது, கரகரவென்று இழுத்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டும். நீங்களோ ஒவ்வொரு கீறலையும் கேட்கிறீர்கள். கேட்டவுடன் உடம்பு கூசிச் சுருங்குகிறது. சுருங்கிய கை வில்லை இறுக்குகிறது. இறுக்கியதால் இன்னும் கீறுகிறது. மகன் கதவைச் சாத்துகிறான்.

இதைப் புத்தியால் மட்டும் தெரிந்துவைத்திருந்த எனக்கு ஒருநாள் உடம்பாலும் தெரிந்தது. ஒரு மாணவரிடம் பொறுமை இழந்த நாள் அது. அன்று இரவு வயலினை வலது தோளில் வைத்து, இடது கையால் வில் பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருடச் சாதகம் ஒரு நொடியில் காணாமல் போயிற்று. வந்த சத்தம் அந்த மாணவரின் சத்தமேதான். அதைவிட ஆச்சரியம், என் தாடை இறுகியிருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே உங்களுக்கு என் முதல் பாடம் விநோதமாகத் தோன்றலாம். தினமும் ஐந்து நிமிடம், நாராசத்தை வேண்டுமென்றே வாசியுங்கள்.

காரணம் சொல்கிறேன். வில்லின் முடியில் ரோசின் பூசுகிறோம், அதாவது பைன் மரப் பிசின். பிசின் பூசிய முடி தந்தியைக் கவ்விக்கொண்டு கொஞ்சதூரம் பக்கவாட்டில் இழுத்துப் போகும். ஓர் எல்லைக்கு மேல் தந்தி பிடியை விட்டு வழுக்கித் திரும்பும். உடனே முடி அதை மறுபடி கவ்வும். ஏ தந்தியில் (தடித்ததிலிருந்து மெலிந்தது வரை நான்கு தந்திகளின் பெயர் ஜி, டி, ஏ, இ) இந்தக் கவ்வலும் வழுக்கலும் ஒரு நொடிக்கு 440 முறை நடக்கின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் 1860களிலேயே இதை விளக்கி எழுதிவைத்தார். வில்லின் பாரம் குறைந்தால் தந்தி ஒரு சுற்றுக்குள்ளேயே பலமுறை வழுக்கிவிடும். அப்போது விசில் மாதிரி மெலிந்த, ஈனமான ஒலி வரும். பாரம் மிகுந்தால் விட வேண்டிய நேரத்தில் பிடி விடாது. தவளைக் குரல் வரும். நடுவில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதை குதிரைக்குப் பக்கத்தில் போகப்போகக் குறுகிக்கொண்டே வரும் என்று ஷெல்லங் என்பவர் 1973இல் வரைபடம் போட்டே காட்டினார். கைதேர்ந்தவர்கள் அந்தக் குறுகிய சந்துக்குள் போய்த்தான் கணீரென்ற நாதத்தை எடுக்கிறார்கள். உங்களுக்கு இப்போது அகலமான சாலை வேண்டும். குதிரைக்கும் விரற்பலகையின் முனைக்கும் நடுவில் வில்லை வையுங்கள்.

பாதையின் இரண்டு ஓரங்களும் எங்கே என்று தெரியாமல் நடுவில் நடக்க முடியாது. அதற்குத்தான் வேண்டுமென்றே கெடுத்து வாசிக்கச் சொல்கிறேன். வெறும் டி தந்தியில், விரல் எதுவும் வைக்காமல், வில்லின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். முதலில் பாரமே இல்லாமல், காற்றை வருடுவது போல இழுங்கள்: விசில். அடுத்து, கையின் முழுப் பாரத்தையும் இறக்கி மெதுவாக இழுங்கள்: தவளை. பிறகு தவளையிலிருந்து தொடங்கி, இழுத்துக்கொண்டே பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எங்கோ ஓரிடத்தில் கரகரப்பு சட்டென்று விலகி, வயலின் தானாகவே வாய்திறந்து பாடும். ஒரு விநாடிதான் இருக்கும். அந்த விநாடியில் கை எப்படி இருந்தது என்று கவனித்துக்கொள்ளுங்கள். நாளை அது இரண்டு விநாடி ஆகும்.

இப்படிச் செய்யும்போது இன்னொன்றும் நடக்கிறது. கெட்ட சத்தம் நீங்களே விரும்பிப் போட்டதாகிவிடுகிறது. நாமே போட்ட சத்தத்துக்கு உடம்பு கூசுவதில்லை.

பாரம் என்றேன், அழுத்தம் என்று சொல்லவில்லை. வில்லின் மொத்த எடையே சுமார் 60 கிராம்தான். அதன் மேல் உங்கள் கையின் எடை தொங்க வேண்டும். கயிற்றுக்கொடியில் ஈரத்துணி தொங்குமே, அப்படி. விரலால் அமுக்கினால் அது அழுத்தம். தோளைத் தளர்த்தி முழங்கையைத் தொங்கவிட்டால் அது பாரம். பிடிக்கும் பக்கத்தில் வில் தானாகவே கனமாக விழும், நுனிப் பக்கம் போகப்போக இலேசாகிவிடும். ஆகையால் நுனியில் ஆள்காட்டி விரல் கொஞ்சம் சாய்ந்து பாரம் கொடுக்க வேண்டும். பிடியருகே வரும்போது சுண்டுவிரல் குச்சியின் மேல் வளைந்து உட்கார்ந்து அந்தக் கனத்தைத் தாங்க வேண்டும். இந்தச் சுண்டுவிரல்தான் புதியவர்களிடம் முதலில் விறைத்து நீண்டுவிடும். விறைத்தால் திட்டாதீர்கள், ஒரு பென்சிலை எடுத்து வில் மாதிரி பிடித்து, எங்காவது காத்திருக்கும் நேரங்களில் விரல்களை மடக்கி நீட்டிப் பழக்குங்கள்.

வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்பது வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது கோணல்கூட நேராகத்தான் தெரியும். கண்ணாடி முன்னால் நில்லுங்கள். நுனியை நோக்கிப் போகும்போது வில் உங்களுக்குப் பின்னால் சுழன்றுபோனால், நீங்கள் முழங்கையைப் பின்னே இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் முழங்கை திறக்க வேண்டும், முன்கை முன்னோக்கி நீள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு வலது கைக்குப் போகட்டும். காணொளிகள் பெரும்பாலும் இடது கையைத்தான் அருகில் காட்டுகின்றன, பார்க்க அழகாக இருக்கிறது என்று. பாடுவது வலது கை.

கட்டைவிரல் வலிக்கு வருகிறேன். காரணம் அநேகமாகக் கட்டைவிரலில் இல்லை. வயலின் தோளில் சரியாக உட்காராததால், அது விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கிறது. தூக்கிப் பிடிக்கிற கை, தந்தியையும் கழுத்தையும் சேர்த்துக் கிடுக்கி போல் கவ்வுகிறது. சோதித்துப் பாருங்கள். மெத்தைக்கு மேலாக நின்றுகொண்டு, வயலினை வைத்து, இடது கையை மெல்ல எடுங்கள். தாடையை நெரிக்காமல் நான்கைந்து விநாடி நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் தாடைக்கட்டையோ, வயலினுக்கு அடியில் மாட்டும் தோள்தாங்கியான ஷோல்டர் ரெஸ்ட்டோ உங்கள் கழுத்து நீளத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டையும் மாற்றலாம். கழுத்து நீளமானவர்கள் தோளை உயர்த்தி ஈடுகட்டப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள், ரெஸ்ட்டை உயர்த்துங்கள். தாடைக்கட்டை என்ற ஒன்றே 1820 வாக்கில் ஸ்போர் என்ற ஜெர்மானிய வயலின் கலைஞர் கொண்டுவந்ததுதான். அதற்கு முன்பும் ஜனங்கள் வாசித்தார்கள், சிலர் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு. இன்றும் பழைய பாணி நாட்டுப்புற வாசிப்பாளர்கள் அப்படிப் பிடிப்பதைப் பார்க்கலாம். கர்நாடக இசைக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலருகே ஊன்றிவிடுவதால் அவர்களின் இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லாமல் போகிறது. பிடிக்கும் விதம் பல உண்டு. கை விடுதலையாக இருக்கிறதா என்பது ஒன்றே கணக்கு.

தந்தியை எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு விரலை வைத்து நீளமாக இழுத்துக்கொண்டே, அந்த விரலை மெல்லத் தளர்த்துங்கள். ஸ்வரம் தெளிவிழந்து சீட்டியடிக்கும் வரை தளர்த்திவிட்டு, ஒரே ஒரு இம்மி மீண்டும் கொடுங்கள். ஒலி தெளிந்துவிடும். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். இதுவரை அதைப்போல் மூன்று மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லி நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். விரல்நுனியில் தந்தித் தடமும் இலேசான எரிச்சலும் இயல்பு. மரத்துப்போவதும், சுரீரென்று கைவழியே ஓடும் வலியும், மறுநாள் காலையிலும் போகாத வலியும் இயல்பல்ல. அன்றைக்கு வயலினை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து எலும்புத் தொல்லை ஏற்கெனவே இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டிக்கர் ஒட்டலாம். அது பாவம் என்று சொல்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அது சைக்கிளின் பக்கச் சக்கரம். கழற்றும் தேதியைக் குறித்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும். மெல்லிய நாடாவாக, முதல் மூன்று விரல்களுக்கு மட்டும் போதும். அதிரும் தந்தியின் நீளம் முழு அளவு வயலினில் சுமார் 33 செ.மீ. தந்தி தொடங்கும் மேட்டிலிருந்து முதல் விரல் சுமார் 3.6 செ.மீ. தள்ளி விழும். அதிலிருந்து இரண்டாம் விரல் 3.2 செ.மீ. மூன்றாம் விரல் இரண்டாவதை ஒட்டி, 1.5 செ.மீ.க்குள். டி தந்தியை ச என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்றும் ரி, க, ம. அடுத்த தந்தியான ஏ, ப ஆகிறது. அதில் அதே விரல்கள் அதே இடத்தில் விழுந்தால் த, நி, மேல் ச. சங்கராபரணம் முழுதும் இரண்டே தந்தியில் வந்துவிட்டது. மேற்கத்தியர் இதை டி மேஜர் என்பார்கள். நீங்கள் ஆசைப்படும் மெட்டுகளில் ஏகப்பட்டவை இந்த வீட்டில்தான் குடியிருக்கின்றன. மீதியில் பாதி பக்கத்து வீடான ஜி மேஜரில்.

ஸ்டிக்கரில் இருக்கும் கெடுதல், கண்ணைப் பழக்கிவிட்டுக் காதைத் தூங்கவைத்துவிடும் என்பது. உங்களுக்கு இருக்கிற சொத்தே காதுதான், அதைத் தூங்கவிடலாமா? வயலினுக்குள்ளேயே ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். டி தந்தியில் மூன்றாம் விரலை வையுங்கள். அது ஜி ஸ்வரம், பக்கத்தில் சும்மா இருக்கும் ஜி தந்திக்கு ஒரு ஸ்தாயி மேலே. விரல் மிகச்சரியான இடத்தில் விழுந்தால் அந்த ஜி தந்தி தொடாமலேயே நடுங்கும். குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஒலியும் திடீரென்று விரிந்து, கூடத்தில் வாசித்தது போலக் கேட்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே அந்த விரிவு வாடத் தொடங்கிவிடும். ஏ தந்தியின் மூன்றாம் விரலுக்கு டி தந்தி இதே போலப் பதில் சொல்லும். நார்வேக்காரர்கள் இந்த எதிரொலிக்காகவே தங்கள் ஹார்டாங்கர் பிடிலில், வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் நான்கைந்து தந்திகளைத் தனியாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். மின்னணு டியூனரை வெறும் தந்திகளுக்குச் சுருதி கூட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். விரல் வைத்த ஸ்வரத்தை இந்தப் பக்கத்துத் தந்தியிடம் கேளுங்கள். ஸ்டிக்கரைக் கழற்றும் வேளை வந்ததும் முதலில் மூன்றாவதைக் கழற்றுங்கள், அதற்குத்தான் துணைக்கு ஆள் இருக்கிறதே.

சுருதி கூட்டுவது பற்றிப் பேசும்போது எனக்குப் பிடித்த ஒன்று. அமெரிக்க மலைப்பகுதிப் பழைய பிடில்காரர்கள் சில மெட்டுகளுக்காகத் தந்திகளை ஏ, இ, ஏ, இ என்று மாற்றிக் கூட்டிக்கொள்வார்கள். யோசித்துப் பாருங்கள்: ச, ப, ச, ப. நம் வயலின் வித்வான்கள் கூட்டுகிற அதே முறை.

இனி மெட்டு. வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே மனதில் மெட்டு முழுதாக இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கும் முன் வாயால் பாடுங்கள், அசையாக முனகினாலும் சரி. வாயில் வராதது விரலில் வராது. அயர்லாந்து நடன மெட்டுகளில் பெரும்பாலானவற்றின் கட்டுமானம் ஒன்றேதான்: எட்டுப் பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) கொண்ட முதல் பகுதி இரண்டு முறை, எட்டுப் பார் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு முறை, மொத்தம் 32. அதாவது நிஜமாகக் கற்க வேண்டியது 16 பார்தான். அந்த 16க்குள்ளும் திரும்பத் திரும்ப வருகிற துண்டுகள் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பார் போதும். உங்களை இழுத்தது ரீல் என்ற வேகமான நடன மெட்டாகத்தான் இருக்கும், எல்லோரையும் அதுதான் இழுக்கிறது. அதைத் தொடாதீர்கள், இப்போதைக்கு. மெதுவான வால்ட்ஸ் அல்லது அமைதியான ஒரு பாட்டு மெட்டில் தொடங்கி, பிறகு ஆறெட்டுத் தாளத்தில் (ஒரு பாருக்கு மும்மூன்றாக ஆறு தட்டு) துள்ளும் ஜிக், கடைசியில் ரீல். மெட்டு அழகாக அமைவதற்கு முன்பே அந்தச் சிறு சொடுக்கு அலங்காரங்களைச் சேர்க்காதீர்கள். சேர்க்கும்போதும் ஒன்று கவனம்: அவை தாளத்தைச் சுண்டிவிடும் தட்டல்கள். கமகத்தில் ஊறிய காது அவற்றையும் அறியாமல் வழுக்கி இழுக்கப் பார்க்கும். வழுக்கினால் ஜிக் மண்டியிட்டுவிடும்.

எத்தனை நாளாகும்? என்னிடம் வந்தவர்களை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு மெட்டு, சில வாரங்களில். நீங்களே விரும்பிக் கேட்கிற நாதம், ஏறத்தாழ ஒரு வருடத்தில், அதுவும் விட்டுவிட்டு. ஒரு ஜிக்கை மற்றவர்களோடு சேர்ந்து அவர்கள் வேகத்தில் வாசிக்க, இரண்டு மூன்று வருடம். ஐந்தாவது மாத வாக்கில் முன்னேற்றமே இல்லாதது போல ஒரு கட்டம் வரும். கை நகர்ந்திருக்கும், காது அதைவிட வேகமாகக் கூர்மையாகியிருக்கும். அதனால்தான் பின்னே போவது போலத் தெரியும். நல்லவர்கள் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போவது அங்கேதான்.

தினமும் 20 நிமிடம் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சுமார் இரண்டேகால் மணி நேரம் என்று சேர்த்துவைக்க வேண்டாம். கை கற்பதில் ஒரு பங்கு தூக்கத்தில்தான் படிகிறது, ஏழு இரவுகள் ஒரே இரவைவிட மேல். 20 நிமிடமும் முடியாத நாளில் ஐந்து நிமிடம் வெறும் தந்தி. பெட்டியைத் திறந்து எடுப்பதுதான் பாதிச் சிரமம், ஆகவே வெயிலும் கால்நடமாட்டமும் இல்லாத இடத்தில் பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டு வைத்தால் கை தானாகப் போகும்.

மகனின் கதவு: ரப்பர் மியூட் ஒன்று வாங்கிக் குதிரையின் மேல் செருகினால் சத்தம் பாதிக்கு மேல் அடங்கும். இரவுகளில் சரி. எல்லா நேரமும் போட்டால் வில்லின் பதில் கைக்குத் தெரியாது, மேலே சொன்ன பாதையைத் தேடவே முடியாது. இன்னொன்று, வயலினின் ஒலித்துளைகள் உங்கள் இடது காதுக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் இருக்கின்றன. பிசின் உரசும் சரசரப்பு முழுதும் உங்களுக்குத்தான் கேட்கும். அறையின் மறுகோடிக்குப் போவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். போனை மறுகோடியில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். நீங்கள் நினைத்ததைவிட நன்றாகத்தான் இருக்கும்.

ஆசிரியர் வேண்டும், இன்னொருவரைத் தேடுங்கள். காணொளிக்கு உங்கள் கட்டைவிரல் தெரியாது. வாரம் தவறாமல் போக முடியாவிட்டாலும் மாதம் இரண்டு முறை, முதல் ஆறு மாதமாவது. தேடும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "நாற்பது வயதுக்கு மேல் தொடங்கியவர் யாராவது இப்போது உங்களிடம் படிக்கிறார்களா?" ஆமாம் என்றால் உட்காருங்கள். நாட்டுப்புற மெட்டு தெரியாத ஆசிரியராக இருந்தாலும் பரவாயில்லை, வில் பிடிப்பதன் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்.

அவரிடமோ, வயலின் செப்பனிடுபவரிடமோ உங்கள் கருவியையும் காட்டிவிடுங்கள், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் போட்டுக்கொண்ட பழியில் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். புது வயலின்கள் பலவற்றில் குதிரை தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். விரற்பலகையின் முனையில் அளந்தால் இ தந்திக்கு அடியில் சுமார் 3.5 மி.மீ., ஜி தந்திக்கு அடியில் 5.5 மி.மீ. இடைவெளி போதும். அதைவிட மிகவும் தூக்கலாக இருந்தால் உங்கள் கட்டைவிரல் வலிக்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. சுருதி கூட்டக் கூட்ட விரற்பலகைப் பக்கம் சாயும், அவ்வப்போது நிமிர்த்த வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் சாய்ந்துவிடக்கூடும், அதை நிறுத்தத் தனிக் கைவேலை தெரிந்தவர் வேண்டும். பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவினால் திருகிக்கொண்டே உள்பக்கம் தள்ளுங்கள்.

புது வில்லின் முடிக்கு நிறைய ரோசின் வேண்டும். போடாவிட்டால் ஊமை, அதிகமானால் மாவு பறக்கும். முடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் பிடிப்பு போய்விடும். வாசிக்கும்போது முடிக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கட்டும். முடித்ததும் தந்தியிலும் மரத்திலும் படிந்த பிசின் தூளைத் துடைத்துவிட்டு, வில்லின் திருகைத் தளர்த்தி, முடி தொய்ந்த பிறகு வில்லை எடுத்துவையுங்கள்.